பதினோரு சோடாவில் பிழைத்த கடல்

1. போர்டு

பெரம்பலூர், அரியலூர் இந்த ரெண்டு ஊரிலும் வீட்டுக்குள்ளே கடல் வைத்த முதல் ஆள் நான்தான். எனக்கு முன்னால் எவராவது வைத்திருந்தால் வந்து சொல்லட்டும், கையெடுத்துக் கும்பிட்டு ஒப்புக்கொள்கிறேன். இருபது வருஷத்துக்கு மேல் ஆச்சு, இதுவரை ஒருத்தரும் வரவில்லை.

என் பேர் செல்லமுத்து. ஊர் வேப்பந்தட்டைப் பக்கம். படிப்பு ஆறாங்கிளாஸ், அதுவும் அரைப் பரீட்சை வரைக்கும்தான். மெட்ராஸில் கொளத்தூர் மீன் பண்ணைகளில் தொட்டி கழுவி, டியூப் மாட்டி, மீன் பிடித்துப் பாக்கெட் போட்டுத் தொழில் கற்றேன். 1995-ல் பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை போட்டேன். கோல்டு பிஷ், மோலி, ஏஞ்சல், பைட்டர். இந்த ஊர்க்காரர்கள் மீனைக் குழம்பில் மட்டும்தான் பார்த்திருந்தார்கள். கண்ணாடிக்குள் பார்க்க வைத்தவன் நான்.

எங்கள் வகையறாவில் எல்லோரும் பிறத்தியார் வயலில் கூலிக்குப் போனவர்கள். எங்கள் பேரை எழுதி வைத்த இடம் என்றால் ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், அவ்வளவுதான். நான்தான் முதன்முதலாக என் பேரைத் தகரத்தில் எழுதி, நாலு பேர் அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் மாட்டினேன். ‘செல்லமுத்து மீன் தொட்டி நிலையம்.’ மழை பெய்தால்கூட வெளியே போய் அதைப் பார்த்துவிட்டுத்தான் ஷட்டரை இறக்குவேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்தக் கதையில் பந்தயம் அந்த போர்டின் மேல்தான்.

2003-ல் அரியலூரிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். பள்ளிக்கூடத்தில் விலங்கியல் எடுப்பவர். வீட்டுக்காரர் ஒரு சிமெண்ட் ஆலையில் ஃபோர்மேன். கையில் பத்திரிகையிலிருந்து கிழித்த ஒரு கலர் படம். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட மீன், பின்னாலே பவளம்.

“அண்ணே, இது வேணும்.”

“இதெல்லாம் கடல் மீனுங்க டீச்சர்.”

“தெரியும். நான் பாடம் எடுக்கிறதே அதைத்தான். கடல் வேணும். முடியுமா, முடியாதா?”

“முடியாதுங்கிற பாடம் வர்றதுக்குள்ள நான் ஸ்கூல விட்டு நின்னுட்டேங்க.”

டீச்சர் சிரித்துவிட்டார். ஆர்டர் எனக்கு. அந்த வாரமே பெயிண்டரைக் கூப்பிட்டு போர்டில் இன்னொரு வரி ஏற்றினேன். ‘கடல் மீன் தொட்டியும் அமைத்துத் தரப்படும்.’ இன்னும் ஒரு சொட்டுக் கடல் தண்ணிகூட வந்து சேரவில்லை.

திருச்சியில் ஒரு பெரிய கடைக்காரர். மோட்டார், கல், தீனி எல்லாம் அவரிடம்தான் எடுப்பேன். கடல் மீன் வைத்துப் பார்த்து ரெண்டு தடவை கையைச் சுட்டுக்கொண்டவர். எப்படியோ சேதி அவர் காதுக்குப் போய், போன் வந்தது.

“யோவ் செல்லமுத்து, ரயிலே வராத ஊர்ல உக்காந்துக்கிட்டு கடலைக் கொண்டாறேன்னு போர்டு வச்சிருக்கியாமே?”

“ஆமாங்கண்ணே. மீனு போட்ட நாள்லேர்ந்து நூறு நாள். அதுக்குள்ள அந்தத் தொட்டியில ஒரு உசுரு போச்சுன்னாலும் என் போர்டை நானே இறக்கிடறேன்.”

“வாய் கிழியுதே. நானே நேர்ல வந்து பாப்பேன்.”

“வாங்க. சாப்பாடு டீச்சர் வூட்ல.”

டீச்சரைக் கேட்காமலே சாப்பாட்டுக்கும் சொல்லிவிட்டேன். அந்த வயதில் எனக்கு வாய் அப்படி.

2. கேனில் வந்த கடல்

தொட்டி நாலடி நீளம், ஒன்றரை அகலம், ஒன்றரை உயரம். பத்து எம்.எம். கண்ணாடி, சிலிகான் என் கையாலே போட்டது. கடல் தண்ணிக்குத் தரங்கம்பாடிப் பக்கம் போனேன். கரையோரத் தண்ணி ஆகாது. போட்டுக்காரரிடம் சொல்லி உள்ளே போய், தண்ணி கண்ணாடி மாதிரி தெரிகிற இடத்தில் மொண்டு, பத்துக் கேன் நிரப்பி மினி லாரியில் ஏற்றினேன்.

வருகிற வழியில் செக்போஸ்டில் நிறுத்தினார்கள்.

“கேன்ல என்னய்யா? சரக்கா?”

“கடலுங்க சார்.”

“நக்கலா?”

“சத்தியமா கடலுங்க சார். நீங்களே பாருங்க.”

அவர் விரலை விட்டு நாக்கில் வைத்தார். முகம் கோணிப் போச்சு. “தூ! இதை எதுக்குய்யா இவ்வளவு தூரம் சொமந்துக்கிட்டுப் போற, போ போ” என்று கையை வீசினார்.

அடியில் அடுக்கக் கல் வேண்டும். வயலோரம் உழும்போது புரண்டு கிடந்த சுண்ணாம்புக் கல்லை ஃபோர்மேன் சார் கேட்டு வாங்கி வந்திருந்தார். டீச்சர் ஒரு கல்லைத் திருப்பிக் காட்டினார். உள்ளே சங்கு மாதிரி, சிப்பி மாதிரி, எல்லாம் கல்லாகப் போயிருந்தது.

“இந்த ஊரே ஒரு காலத்துல கடல்தாண்ணே.”

“அப்ப நான் புதுசா ஒண்ணும் கொண்டாரலைங்க டீச்சர். போன கடலைத் திருப்பிக் கூட்டியாந்திருக்கேன்.”

இந்த ஒரு வரியை அதற்குப் பிறகு எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

மூணு வாரம் கல்லை ஊறப் போட்டு, மண் போக பிரஷ் போட்டுத் தேய்த்தோம். அதன் மேல் சென்னை டீலரிடமிருந்து வந்த லைவ் ராக், அதாவது கிருமி உயிரோடு குடியிருக்கிற கடல் பாறை, நாலு துண்டு. பிறகு ஒரு மாசத்துக்கு மேல் மீனே போடாமல் தண்ணியை ஓட விட்டேன். புதுத் தொட்டியில் மீன் கழிவைத் தின்கிற கிருமி உண்டாக வேண்டும். அது உண்டாகாமல் மீனைப் போட்டால், தன் கழிவிலேயே அது செத்துப் போகும். புதுசாகத் தொட்டி வைப்பவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தோற்பது இந்த இடத்தில்தான்.

ஃபோர்மேன் சாருக்கு இது புரியவில்லை. தினமும் ஷிப்ட் முடிந்து வந்து கேட்பார். “என்னா மீன்காரரே, உப்புத் தண்ணியும் கல்லுந்தான் இருக்கு. மீனு இன்னும் மெடிக்கல் லீவுலேர்ந்து வரலியா?”

வந்தது. கிளவுன் மீன் ஒரு ஜோடி. குடை மாதிரி விரிகிற லெதர் கோரல் ஒன்று. காளான் மாதிரி நீலக் கோரல் ஒரு கொத்து. அப்புறம் ஒரு கிளீனர் இறால். சிவப்பு முதுகில் வெள்ளைக் கோடு, நீள மீசை. மீன் மேல் ஏறி அழுக்கெல்லாம் பொறுக்கும். டீச்சர் அதற்கு ‘அட்டெண்டர்’ என்று பேர் வைத்தார். “எங்க லேப் அட்டெண்டர விட சுத்தமா வேலை பாக்குது” என்பார்.

கோரலைப் பார்த்ததும் டீச்சர் கேட்ட முதல் கேள்வி, “அண்ணே, பவளம் எடுக்கிறது சட்டப்படி குத்தமில்ல?”

“நம்ம கடல்ல எடுத்தா குத்தங்க. கேஸு. இது வெளிநாட்டுலேர்ந்து பில்லோட வந்தது. பில்லு இல்லாத கோரலை என் கை தொடாது.”

இன்றைக்கும் தொடாது.

அரியலூர் வெயிலுக்குத் தொட்டி மேல் ஃபேன் ஓட விட்டோம். ஃபேன் ஓடினால் தண்ணி ஆவியாகும், உப்பு ஆவியாகாது. அதனால் குறைகிற தண்ணிக்கு நல்ல தண்ணிதான் ஊற்ற வேண்டும், கடல் தண்ணி ஊற்றக் கூடாது. இதை நான் முதலில் நாக்கில் வைத்தே பார்த்தேன். டீச்சர் உப்பு அளக்கிற ஹைட்ரோமீட்டர் வாங்கி வந்து, என் நாக்கையும் அதையும் ஒப்பிட்டுப் பார்த்தார். ரெண்டும் ஒன்றாகத்தான் இருந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். ஆலைத் தூசி உள்ளே வராமல் இருக்க டீச்சர் ஜன்னலில் ஈரத் துண்டு கட்டித் தொங்கவிடுவார்.

கடைசியாக ஒன்று. கோரலுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். சென்னை டீலர் வழி சொல்லிக் கொடுத்தார். அஞ்சு லிட்டர் நல்ல தண்ணியில் ஒரு டீஸ்பூன் சுண்ணாம்புத் தூள் போட்டுக் கலக்கி, அசையாமல் வைத்து, அடியில் படிந்ததைத் தொடாமல் மேலே தெளிந்த தண்ணியை மட்டும் எடுக்கணும். அதையும் ஊற்றக் கூடாது. சொட்டு சொட்டாக விடணும். அதற்கு நான் கண்டுபிடித்தது ஆஸ்பத்திரி குளுக்கோஸ் டியூப். மெடிக்கலில் புதுசு வாங்கி, கேனில் சொருகி, சக்கரத்தைத் திருகி வைத்தால் நாள் முழுக்கச் சொட்டும். ஃபோர்மேன் சார் பார்த்துவிட்டு, “என்னா, கடலு அட்மிட் ஆயிருக்கா?” என்றார்.

3. தொண்ணூற்றி மூணாவது நாள்

எல்லாம் நல்லபடி போனது. அங்கேதான் எனக்குக் கொழுப்பு ஏறியது.

திருச்சிக்காரர் ஞாயிற்றுக்கிழமை ரயிலில் அரியலூர் வருவதாகச் சொல்லியிருந்தார். மீன் போட்டுத் தொண்ணூற்றி மூணாவது நாள். நான் காலையிலேயே முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய்ச் சேர்ந்துவிட்டேன். தொட்டி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் லெதர் கோரல் முக்கால்வாசிதான் விரிந்திருந்தது. அது சில நாள் அப்படி இருக்கும். எனக்கு முக்கால்வாசி போதவில்லை. அவர் வந்து பார்க்கும்போது குடை முழுசாக விரிந்து, அவர் வாயடைத்து நிற்கணும்.

சென்னைத் தூள் தீர்ந்து போயிருந்தது. நான் வழியிலே ஒரு சூளையில் புதுச் சுண்ணாம்பு வாங்கி, பாக்கெட்டில் கட்டி வந்திருந்தேன். இந்த மண்ணுக் கல்லை எரித்த சுண்ணாம்பு, மெட்ராஸ் தூளைவிட இது மட்டமா என்று ஒரு எண்ணம். டீச்சர் அடுப்படியில் இருந்தார். ஃபோர்மேன் சார் கறி வாங்கப் போயிருந்தார். நான் ஒரு பிளாஸ்டிக் ஜக்கில் சுண்ணாம்பைக் கரைத்தேன். தெளியட்டும் என்று காத்திருக்கவில்லை. குளுக்கோஸ் டியூபையும் தொடவில்லை. மோர் மாதிரி இருந்ததை அப்படியே தொட்டியில் ஊற்றி, ஜக்கைப் பின்பக்கம் கொண்டுபோய்க் கழுவிக் கவிழ்த்துவிட்டேன்.

திரும்பி வந்து பார்த்தால் தண்ணி பாலாக இருக்கிறது. கோரல் கண்ணெதிரே சுருங்குகிறது. கிளவுன் ஜோடி மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடுகிறது.

டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். “ஐயோ, என்னண்ணே இது! என்ன ஊத்துனீங்க?”

“ஒண்ணும் ஊத்தலைங்க டீச்சர்.”

“எதுவுமே போடலியா?”

“வெயிலுங்க. வெக்கைக்கு அப்படித்தான் கலங்கும்.”

வெயில் என்று சொன்னதால் அவர் வெயிலுக்கு உண்டான வேலையைச் செய்தார். ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸ் பாட்டிலை எடுத்து வந்து மிதக்க விட்டார். இன்னொரு ஃபேனைத் திருப்பினார். காற்றுக் குமிழி விடுகிற ஏர் ஸ்டோன் இன்னொன்று போட்டார். நானும் கூடவே நின்று, “ஆமாங்க, அப்படித்தான், அப்படித்தான்” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். என்ன மருந்து வேணும் என்று எனக்கே தெரியாது. ஆனால் அவர் செய்வது ஒன்றும் மருந்து இல்லை என்று தெரியும். எனக்குள் ஓடியது மீன் இல்லை. பெரம்பலூரில் ஏணி போட்டு என் பேரை நானே இறக்குகிற காட்சிதான் ஓடியது.

பத்து நிமிஷம் இருக்கும். அட்டெண்டர் கல் மேலிருந்து மல்லாக்க விழுந்தது. மீசை ரெண்டும் தண்ணி போன போக்கில் ஆடியது. டீச்சர் கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். என்னைத் திட்டவில்லை. “நான்தான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன் போலண்ணே, நேத்து தீனி ஜாஸ்தியாப் போட்டுட்டேனோ” என்றார்.

அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை.

“டீச்சர், நாந்தாங்க. சுண்ணாம்பு. ஒரு ஜக்கு. தெளிய விடலை.”

4. கோலி சோடா

டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பதினைஞ்சு வருஷம் கிளாஸ் எடுத்தவர்களின் பார்வை அது. ஆனால் அந்தப் பார்வைக்கு அவர் ஒரு வினாடிக்கு மேல் செலவு பண்ணவில்லை.

“எட்டாங்கிளாஸ்ல ஒரு சோதனை உண்டு. சுண்ணாம்புத் தண்ணியில ஸ்ட்ரா வச்சு ஊதுனா?”

“நான் ஆறோட நின்னுட்டேங்க.”

“வெளுத்துரும். நம்ம மூச்சுல இருக்கிற கார்பன் டை ஆக்சைடு சுண்ணாம்பைப் புடிச்சு அடியில இறக்கிரும். அந்த வாயு இப்ப நமக்கு வேணும். அதுவும் நெறைய வேணும்.” என்றவர், வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்த வீட்டுக்காரரைப் பார்த்துக் கத்தினார். “ஏங்க! கறிய வச்சுட்டு ஓடுங்க! ஆலை கேட்டுப் பக்கம் பெட்டிக்கடையில கோலி சோடா, பிளைன் சோடா, ஒரு கிரேட் எடுத்துட்டு வாங்க!”

“திருச்சிக்காரரு சோடாவா கேட்டாரு?”

“மீனு கேக்குது. போங்க!”

அவர் கறிப் பையோடவே போனார்.

தண்ணியில் காரம் எவ்வளவு ஏறியிருக்கு என்று நிறத்தில் காட்டுகிற பி.எச். தாளை, பள்ளிக்கூட லேபிலிருந்து கொண்டுவந்ததை, டீச்சர் எடுத்து வைத்தார். நான் ஒவ்வொரு சோடாவாக உடைத்தேன். ஒரு பாட்டில் தொட்டியில் மெல்லச் சாய்க்கிறது, தாளை நனைத்து நிறம் பார்க்கிறது, காத்திருக்கிறது, அப்புறம் அடுத்தது. நான் அவசரப்பட்டு ரெண்டைச் சேர்த்துச் சாய்க்கப் போனேன். டீச்சர் என் கையில் ஓங்கி ஒன்று வைத்தார்.

“ஏத்துனதுதான் அவசரத்துல ஏத்துனீங்க. இறக்குறதையாவது நிதானமா இறக்குங்கண்ணே.”

பதினோரு சோடா. அதன் பிறகு இருப்பில் இருந்த கேன் கடல் தண்ணியில் ஒரு பகுதியை மாற்றினோம். கிளவுன் ஜோடி கீழே இறங்கிக் கல் ஓரமாக நின்றது. மூச்சு சீரானது. கோரல் மட்டும் கருகிப் போன கத்திரிக்காய் மாதிரி சுருண்டே கிடந்தது.

சரியாக அப்போதுதான், சோடாவை இறக்கிவிட்டு ஸ்டேஷனுக்குப் போயிருந்த ஃபோர்மேன் சார் திருச்சிக்காரரைக் கூட்டி வந்தார். தரையெல்லாம் காலி சோடா பாட்டில். என் சட்டையெல்லாம் ஈரம்.

“என்னய்யா செல்லமுத்து, மீனுக்கு அஜீரணமா?”

இந்தத் தடவை நான் பத்து நிமிஷம் எடுத்துக்கொள்ளவில்லை. சுண்ணாம்பு, ஜக்கு, வெயில் என்று சொன்ன பொய், எல்லாவற்றையும் நின்றபடியே சொல்லி, கிண்ணத்தில் எடுத்து வைத்திருந்த இறாலையும் காட்டினேன்.

அவர் கிண்ணத்தைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். டீச்சர்தான், “மீனு ரெண்டும் நல்லாத்தான் இருக்கு சார், கோரலும் வந்துரும், போர்டெல்லாம் எதுக்கு” என்றார்.

“பந்தயம் அவரு வாயால அவரே போட்டதும்மா. நான் சாப்பிடத்தான் வந்தேன்” என்றார்.

சாப்பிட்டார். ரெண்டு தடவை கறி வாங்கிச் சாப்பிட்டார். எனக்கு இறங்கவில்லை.

5. சிலேட்டு

அன்றைக்கு மத்தியானமே பெரம்பலூர் வந்து ஏணி போட்டேன். என் சம்சாரம் கீழே நின்று கேட்டாள்.

“பெயிண்ட் அடிக்கவா இறக்குறீங்க?”

“இல்ல. அரியலூர்ல இறாலு செத்துப் போச்சு.”

“ஒரு இறாலுக்கு போர்டா? அப்ப போன மாசம் செத்த கோல்டு பிஷ்ஷுக்கெல்லாம் கடையையே இழுத்து மூடியிருக்கணுமே!”

இறக்கி, எழுத்துப் பக்கம் சுவரைப் பார்க்கச் சாய்த்து வைத்தேன். பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் எல்லாம், கடையைக் காலி பண்றீங்களா என்று கேட்டார்கள். ஒவ்வொருத்தரிடமும் நடந்ததைச் சொன்னேன். நம்ப மாட்டீர்கள், முதல் ரெண்டு பேரிடம் சொல்லத்தான் கஷ்டம். மூணாவது ஆளிலிருந்து பேச்சு சரளமாக வந்துவிட்டது.

அஞ்சாவது நாள் டீச்சர் போன் செய்தார். “அண்ணே, கோரலு ஓரத்துல ஒரே ஒரு விரல் நீட்டியிருக்கு.” மறுநாள், “பாதி விரிஞ்சிருச்சு.” அதற்கு அடுத்த நாள், அதாவது மீன் போட்டு நூறாவது நாள், போன் வரவில்லை. டீச்சரும் வீட்டுக்காரரும் பஸ் ஏறி நேரிலேயே வந்துவிட்டார்கள். குடை முழுசாக விரிந்துவிட்டதாம். அன்றைக்கு ஊற்றியதற்கு முன்னால் இருந்ததைவிடப் பெரிசாம்.

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே திருச்சிக்காரர் வந்து நின்றார். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது, அவரும் பஸ்ஸில்தான் வந்தார். டீச்சர்தான் சேதி சொல்லியிருக்கிறார். சுவரில் சாய்ந்திருந்த போர்டின் ஒரு முனையை அவர் பிடித்துத் தூக்கினார்.

“அந்தப் பக்கம் புடிய்யா.”

“உசுரு ஒண்ணு போயிருக்குண்ணே. நான் தோத்துட்டேன்.”

“தோத்தேதான். அதான் இறக்கிட்டியே, ஏழு நாள் வெறுஞ்சுவரோட கடை நடத்திட்டியே, போதும். என் கடையில ரெண்டு கடல் தொட்டி மொத்தமா செத்துச்சு, தெரியுமா? ரெண்டுக்கும் கரண்ட் கட்டுன்னு சொன்னேன். கரண்டு கட்டே ஆகல.” போர்டை இன்னும் கொஞ்சம் தூக்கி, “புடிய்யா, கை வலிக்குது” என்றார்.

பிடித்தேன். போர்டு மேலே போனது.

டீச்சர் பையிலிருந்து ஒரு சிலேட்டை எடுத்துக் கொடுத்தார். மரச் சட்டம் போட்ட, சின்னப் பிள்ளைகள் எழுதுகிற சிலேட்டு. இன்னொன்றை அவர் வீட்டுத் தொட்டிக்கு மேலேயே மாட்டிவிட்டதாகச் சொன்னார். யார் எதை ஊற்றினாலும், நல்ல தண்ணி ஒரு டம்ளரானாலும், என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு, யார் என்று அதில் எழுத வேண்டும். எழுதாமல் தொட்டிக்குள் எதுவும் இறங்கக் கூடாது. அன்று முதல் அதுதான் என் தொழில் முறை. 2007-க்குள் இந்தப் பக்கம் ஒன்பது வீட்டில் கடல் வைத்தேன். ஒன்பதிலும் மீன் வருவதற்கு முன்னால் சிலேட்டு வந்துவிடும்.

தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சுண்ணாம்பு கொன்றது பாதி இறாலைத்தான். மீதிப் பாதியை என் பத்து நிமிஷம் கொன்றது. தப்பு நடந்த உடனே சொன்னால், தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் வழி கிடைக்கும். டீச்சருக்கு வழி தெரிந்திருந்தது. என் வாய்தான் அதை அடைத்துக்கொண்டு நின்றது.

இப்போதும் யாராவது கடைக்கு ஓடி வந்து, “அண்ணே, நேத்து வரைக்கும் நல்லா இருந்த தொட்டி, நான் ஒண்ணுமே பண்ணலை, திடீர்னு கோரல் மூடிக்கிச்சு” என்றால், நான் தொட்டியைப் பற்றிக் கேட்க மாட்டேன். சிலேட்டு எங்கே என்று கேட்பேன். சிலேட்டு இல்லை என்றால் ஸ்டூலில் உட்கார வைத்து ஒரு சோடா உடைத்துக் கொடுப்பேன். பாதி பாட்டில் குடிப்பதற்குள் என்ன ஊற்றினான் என்று அவனே சொல்லிவிடுவான்.